யார் யாரெல்லாம் இறங்குவார்கள்?

இந்த ஊரில் மழை பெய்துகொண்டிருக்கும்போதே புல்லுக்குத் தண்ணீர் விடுகிறார்கள். எங்கள் தெருமுனைப் பூங்காவின் தோட்டக்காரர் ரப்பர் குழாயைப் பிடித்தபடி தொப்பலாக நனைந்துகொண்டு நிற்பார். ஒருநாள் குடையோடு போய், "மழைதான் பெய்கிறதே?" என்று கேட்டேன். அவருக்காக இரக்கப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, "பரவாயில்லை அம்மா, எனக்குச் சளி பிடிக்காது" என்றார். நான் திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் காட்டில் பிறந்தவள். ஜாம்பியாவின் இந்தச் செம்புச் சுரங்க ஊருக்கு வந்து ஐந்து வருஷமாகிறது. இன்னமும் தண்ணீர் வீணாகப் போவதைக் கண்டால் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வறட்சியில் வளர்ந்தவள், அதனால்தான் என்று என் கணவர் நினைத்துக்கொண்டிருந்தார். நானும் அப்படியே நினைக்க விட்டிருந்தேன்.

என் கணவர் இங்கே அரசாங்கப் பள்ளியில் கணக்கு வாத்தியார். அருப்புக்கோட்டையில் மளிகைக்கடை வைத்திருக்கும் குடும்பம் அவருடையது. எங்களுக்கு ஒரே மகள், உமா. அவளுக்கு ஒன்பது வயதானபோது பள்ளியிலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தாள். சுரங்கக்காரர்களின் மனமகிழ் மன்றத்து நீச்சல் குளத்தில் சிறுவர் சிறுமியருக்குப் புதிதாக ஒரு போட்டி நீச்சல் கிளப் தொடங்குகிறார்கள். வாரத்தில் மூன்று நாள் விடியற்காலைப் பயிற்சி, மாதம் ஒருமுறை பக்கத்து ஊர்களோடு போட்டி. பள்ளி விளையாட்டு நேரத்திலேயே தட்டுத்தடுமாறி நீந்தக் கற்றிருந்த உமாவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். சேர்ப்பதா வேண்டாமா என்று பெற்றோர்கள் ஒரு கூட்டத்துக்கு வந்து கேட்டறிந்து முடிவு சொல்ல வேண்டுமாம்.

ஒரு வாரம் அதைப் பற்றியே பேசினோம். "பொம்பளப் புள்ள. அந்த உடுப்புல நாலு பேரு முன்னால நிக்கணும். ஊர்ல அம்மாவுக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவாக?" என்றார் அவர். வெயிலில் கறுத்துப்போவாள், காது வலிக்கும், படிப்புக் கெடும் என்று நானும் காரணங்களை அடுக்கினேன். இவற்றில் ஒன்றுகூட என் உண்மையான காரணம் இல்லை. அது என்னவென்று கூட்டத்தில் என் வாயைத் திறந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

கூட்டத்துக்கு அவரால் வர முடியவில்லை, நான் போனேன். பயிற்சியாளர் மிஸ்டர் பாண்டா, பள்ளியின் இளம் டிரில் மாஸ்டர். நாற்காலிகளில் இருபது பேர் இருந்திருப்போம். வெள்ளைக்காரக் குடும்பங்கள் சில, குஜராத்திக் கடைக்காரர் ஒருவர், மற்றவர்கள் இந்த ஊர்க்காரர்கள். என் பக்கத்தில் சுரங்க ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் மிஸஸ் முவான்சா. "முலிஷானி" என்று இந்த ஊர் முறைப்படி நலம் விசாரித்துவிட்டு, கூட வந்திருந்த தன் மகள் சந்தாவையும் சேர்க்கப்போவதாகச் சொன்னார். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார் பாண்டா. நான் எழுந்தேன். "இந்தத் தண்ணீரில் யார் யாரெல்லாம் இறங்குவார்கள்?" என்று கேட்டேன்.

பாண்டாவுக்கு அது புரியவில்லை. பெரிய பையன்கள் மேலே விழுந்து குதிப்பார்கள் என்று பயப்படுகிறேன் என நினைத்து, பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தனி நேரம் என்றார். நான் உட்கார்ந்திருக்கலாம். "தண்ணீரை எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றுவீர்கள்?" என்று இன்னொன்றும் கேட்டேன். அவர் குளோரின், வடிகட்டும் எந்திரம் என்று உற்சாகமாக விளக்கினார்.

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது மிஸஸ் முவான்சா என்னோடு நடந்து வந்தார். குரலை உயர்த்தவில்லை. "நீங்கள் கேட்டது அவருக்குப் புரியவில்லை. அவர் சின்னப் பையன். எனக்குப் புரிந்தது. இந்தக் குளம் வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் என்று இருந்த காலத்தில் இதே கேள்வியைக் கேட்டுத்தான் எங்களை வாசலிலேயே நிறுத்தினார்கள்" என்றார். பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அந்த நிமிஷம் நான் இருந்தது ஜாம்பியாவில் இல்லை. பன்னிரண்டு வயதுப் பெண்ணாக எங்கள் தோட்டத்துக் கிணற்றடியில் நின்றேன்.

எங்கள் தோட்டம் ஊருக்குக் கிழக்கே இருந்தது. பருத்தியும் கம்பும் மானாவாரி, கிணற்றைச் சுற்றிக் கொஞ்சம் மிளகாய். கோடையில் சுற்றுவட்டாரக் கிணறுகள் வறண்டாலும் எங்கள் கிணற்றில் இரண்டு ஆள் ஆழம் நிற்கும். மத்தியானத்தில் அதில் நீந்துவேன். மிளகாய் பறிக்க வருபவர்களோடு பேச்சி என்று ஒருத்தி வருவாள், என் வயதுதான். ஊர்க் கிணற்றிலும் குளத்திலும் இறங்கக் கூடாது என்று விலக்கி வைக்கப்பட்டிருந்த தெருவைச் சேர்ந்தவள். மழை பெய்து கண்மாய் நிறைந்த ஒரு வருஷத்தில், அவர்கள் பக்கத்துக் கரையில் நீச்சல் பழகியிருந்தாள். அன்றைக்குத் தோட்டத்தில் வேறு யாருமில்லை. தனியாக நீந்தி எனக்கு அலுத்துவிட்டது.

"வா பேச்சி. முங்கி அடிமண்ணு எடுப்போம். யாரு மொதல்ல எடுக்கான்னு பாப்போம்."

"வேணாந் தாயி. அய்யா வைவாக."

"நாஞ் சொல்றேன்ல, எறங்கு."

இறங்கினாள். நான் மூன்று தடவை முங்கி மூன்று தடவையும் வெறுங்கையோடு மேலே வந்தேன். அவள் ஒரே முங்கில் கை நிறையக் களிமண்ணோடு வந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்து, "ஒனக்கு மூச்சுப் பத்தல" என்றாள். சந்தோஷத்தில் தன்னை மறந்து சொன்ன 'ஒனக்கு' அது. எனக்குச் சுருக்கென்றது. தோற்றதைவிட அது அதிகம் சுட்டது.

அன்று சாப்பிடும்போது, கண் ஏன் இப்படிச் சிவந்திருக்கிறது என்று கேட்டார் அப்பா. "பேச்சி நம்ம கெணத்துல எறங்கிட்டா" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. நான்தான் கூப்பிட்டேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் பேச்சியின் அப்பாவை வரச்சொல்லி ஆள் போனது. அவர் வந்து எங்கள் அப்பா முன்னால் புழுதியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். பின்னால் பேச்சி நின்றாள். அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பேன் என்று காத்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. நான் தூணைப் பார்த்தேன். இனிமேல் வேலைக்கு வர வேண்டாம் என்று அப்பா சொல்லி அனுப்பினார். அன்று காலையிலிருந்து பொழுது சாயும்வரை கமலை ஓடியது. மாடுகள் இழுக்க இழுக்க, தோல்பை தோல்பையாகக் கிணற்றுத் தண்ணீர் முழுவதையும் இறைத்துத் தரிசில் கொட்டினார்கள். மழை பொய்த்த வருஷம் அது. அந்தக் கிணறு மறுபடி ஊறவே இல்லை, மிளகாய் நின்ற நிலையில் கருகியது. ஒரு வாரத்தில் பேச்சி வீட்டார் ரோட்டு வேலைக்கென்று பந்தல்குடிப் பக்கம் போய்விட்டார்கள்.

கூட்டத்திலிருந்து திரும்பியதும் இதை என் கணவரிடம் சொன்னேன். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் முதல் தடவை. அவர், "பன்னெண்டு வயசுப் புள்ளைக்கு என்ன தெரியும்? விடு தனம்" என்றார்.

"தெரிஞ்சுதாங்க சொன்னேன். சொன்னா என்ன நடக்கும்னு தெரிஞ்சுதான் சொன்னேன்."

அவர் கிளப் விஷயத்தை நீயே முடிவு செய் என்றுவிட்டார்.

மிஸஸ் முவான்சாவிடம் மன்னிப்புக் கேட்பதென்று உமாவையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சொல்ல வேண்டிய இங்கிலீஷ் வாக்கியங்களை வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். வரிசை நகர்ந்து என் முறை வந்தது. அவர் நிமிர்ந்து, "என்ன உடம்புக்கு?" என்றார். நான், "குழந்தைக்குக் காது வலி" என்றேன். உமா என்னை விநோதமாகப் பார்த்தாள். அவர் விளக்கு அடித்துப் பொறுமையாக இரண்டு காதையும் சோதித்தார். "வீக்கம் ஒன்றும் இல்லை. நீந்தி முடித்ததும் காதை நன்றாகத் துடைத்துவிடுங்கள்" என்றவர், விளக்கை அணைத்துவிட்டு, "வருகிறாளா?" என்று கேட்டார். "வருகிறாள்" என்றேன். என் மகளை நான் கிளப்பில் சேர்த்தது இப்படித்தான். பெரிய மனதோடு எடுத்த முடிவு என்று யாரும் எண்ண வேண்டாம். ஒரு பொய்யிலிருந்து வெளியே வர வேறு வழி தெரியவில்லை. கேட்கப் போன மன்னிப்பை இன்றுவரை கேட்கவும் இல்லை.

முதல் போட்டியில் சந்தா முதலாவதாக வந்தாள், உமா நான்காவது. உமா கரையேறியபோது அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அன்று கிணற்றில் தோற்றபோது என் முகத்தில் இருந்தது இவள் முகத்திலும் இருந்துவிட்டால்? அவள் ஓடிவந்து, "அம்மா, சந்தா பாதித் தூரம் மூச்சே எடுக்கல, பாத்தீங்களா?" என்றாள். தான் தோற்றது அவளுக்கு நினைவிலேயே இல்லை.

போன வருஷம் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தோம். பந்தல்குடியில் என் கணவரின் அக்காவைப் பார்த்துவிட்டு அருப்புக்கோட்டை பஸ்ஸுக்காக நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். அவரும் உமாவும் எதிர்க்கடைக்குக் கலர் குடிக்கப் போயிருந்தார்கள். சாலையோரப் புளியமரத்தடியில் ஒரு கல்பெஞ்சு. அதில் உட்கார்ந்திருந்த ஒருத்தி, கூடையைத் தூக்கிக்கொண்டு சட்டென்று எழுந்தாள்.

"ஒக்காருங்க தாயி. தோட்டத்து வீட்டுத் தனம்தானே நீங்க? சீமையில இருக்கீகன்னு கேள்விப்பட்டேன்."

பேச்சி. முன்பல் ஒன்று இல்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவள்போல் இருந்தாள். "நீ நல்லாருக்கியா?" என்றேன். இரண்டு பையன்கள் என்றாள், அப்பா இறந்துபோனார் என்றாள். நான் ஒரே மூச்சில், "அன்னைக்கு நாந்தான் ஒன்னயக் கூப்ட்டேன். அப்பாகிட்ட அதச் சொல்லாம விட்டுட்டேன்" என்றேன்.

"எனக்குத்தான் அது தெரியுமே" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. "எங்கப்பாவுக்குத்தான் கடைசிவரைக்கும் தெரியாது. நானா போயி எறங்கிட்டேன்னே நெனச்சிக்கிட்டுச் செத்தாரு."

"நீ ஒக்காரு பேச்சி" என்றேன். "வேணாந் தாயி, நீங்க ஒக்காருங்க" என்றாள். கையைப் பிடித்து இழுத்தேன். சாலையில் லாரிக்காரர்கள் பார்க்கிறார்கள் என்று கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். அவள் உட்காராமல் என்னாலும் உட்கார முடியவில்லை. மூன்று பேர் தாராளமாக உட்காரக்கூடிய அந்தக் கல்பெஞ்சின் இரண்டு பக்கமும், பஸ் வரும்வரை நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம்.