மூன்றாம் பக்கத்துப் பெயர்

‘நகல் எடுத்து முடியும்வரை எவரும் அந்தக் கோப்பைத் திறக்கக் கூடாது.’ எஸ்டேட் ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்த விதி இது. எழுதியவன் நான், ஆபீஸ் குமாஸ்தா; தோட்டத்தில் ‘கிராணி’. கீழே இருந்த கையெழுத்தும் என்னுடையதுதான்.

எண்பதுகளின் பின்பாதியில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது; பெட்டி ஒன்று, திரைகள் இரண்டு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் தொழிலாளர் லைன் வீட்டிலேயே இருக்க அனுமதி கேட்டவர்களின் பட்டியலை, டைப்பிஸ்ட் பெண் தன் திரையில் டிஸ்கிலிருந்து பெட்டிக்கு நகலெடுத்துக்கொண்டிருந்தாள். தலைமை அலுவலகத்துக்கான தபாலைக் கொண்டுபோகும் லோரி தானா ராத்தா டவுனுக்குப் புறப்பட நின்றது. நான் என் திரையில் பட்டியலைத் திறந்தேன்.

“ஐயா, இன்னும் காப்பி ஆவுது லா. நீங்கதானே செவத்துல ஒட்டுனீங்க?”

“ஒட்டுனவனுக்கே பாடமா? லோரிக்காரன் கத்துறான், பேசாம இரும்மா.”

திரையில் பெயர்கள் ஒழுங்காகத்தான் நின்றன. இரண்டு பக்கம் அச்சாயிற்று. எண்ணிப் பார்க்காமல் கையெழுத்திட்டு அனுப்பினேன்.

மாலையில் மறுபடி திறந்தபோது பட்டியல் மூன்று பக்கம் இருந்தது. மூன்றாவதில் ஒரே ஒரு பெயர். சரிவுகளில் கொழுந்து கிள்ளியே முட்டி தேய்ந்துபோன ஒரு விதவை. பட்டியலில் இல்லாதவர் மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

மறுநாள் அவரே ஆபீஸ் வாசலில் நின்றார்.

“கிராணி ஐயா, எம் பேரும் லிஸ்டோட போயிருச்சுல்ல?”

“போயிருச்சு ஆயா.”

“நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும்.”

அன்றே தலைமை அலுவலகத்துக்குத் திருத்தக் கடிதம் எழுதினேன். ‘என் அவசரத்தால் விடுபட்டது’ என்றால் ஒரே வரியில் முடிந்திருக்கும். நான் எழுதியது ‘இயந்திரக் கோளாறு’. கோளாறு என்றால் முதலில் பரிசோதனை, பிறகு அறிக்கை, அதற்கும் பிறகுதான் முடிவு. அந்த நடைமுறை எனக்கு மனப்பாடம். மேனேஜர் துரையிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் பதில் வரும்வரை ஆயாவை வீட்டில் விட்டுவைத்திருப்பார். அதையும் சொல்லவில்லை. பிறகு ஆயாவிடமும் மிசின் கோளாறில் பெயர் விடுபட்டது என்றே சொன்னேன்.

மெக்கானிக் வந்து பெட்டியைக் கழற்றிப் பார்த்து, குறை ஏதுமில்லை என்று எழுதிக்கொண்டு போனார். டைப்பிஸ்ட் பெண் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, கம்போங் ராஜா ஊரில் இருந்த மருமகனின் காய்கறித் தோட்டத்துக்கு ஆயா சாமான்களோடு லோரி ஏறினார். “விடுங்க ஐயா, மிசின் செஞ்சதுக்கு நீங்க என்னா பண்ணுவீங்க” என்று எனக்கு ஆறுதல் சொன்னார். நான் தலையாட்டினேன்.

அவர் அந்த வீட்டிலேயே இருக்கலாம் என்ற பதில், அதிலிருந்து ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை வந்தது.