கத்தார் என்று சொன்னது நான்தான்

பல்கலைக்கழகத்தில் போதைக்கு அடிமையானவர்களின் புனர்வாழ்வும் உளவளத்துணையும் என்ற பாடத்தை நான் படிப்பிக்கிறேன். முதல் விரிவுரையை எப்போதும் ஒரே விஷயத்தைச் சொல்லித்தான் தொடங்குவேன்: வீட்டார் மறைக்க மறைக்க, அடிமையானவர் குணமாவது தள்ளிப்போகும். பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொள்வார்கள். அதைச் சொல்லும்போது எனக்கும் நல்ல மிடுக்குத்தான்.

என் மூத்த சகோதரி ராத்தாவின் மகன் ஐஸ் என்ற போதைப்பொருளுக்கு அடிமையானது எங்கள் வளவுக்குள்ளேயே நடந்தது. ராத்தாவின் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் இடையில் ஒரு மதில்கூட இல்லை. இருபத்தாறு வயது ஆண்பிள்ளை எலும்பும் தோலுமாகிக்கொண்டிருந்ததை, ஊர் ஊராகப் போய்க் கருத்தரங்கு வைத்த நான் கடைசியாகத்தான் கண்டேன். கண்டதும் வெளிமாவட்டத்தில் ஒரு புனர்வாழ்வு நிலையத்தில் இடம் பிடித்தேன். அவன் அழுதுகொண்டே சம்மதித்தான்.

ராத்தாவுக்கு வேறு கவலை. மகளுக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்த நேரம்.

"ஆறு மாசம் ஆளக் காணல்லண்டா ஊராக்கள் கேப்பாங்கதானேகா. என்னத்தச் சொல்ற?"

"கத்தாருக்குப் போயிட்டான் எண்டு சொல்லுங்க," என்றேன்.

யோசிக்கவே இல்லை. எங்கள் தெருவில் யார் வீட்டில்தான் வெளிநாட்டில் ஆள் இல்லை? என்ன கம்பனி, என்ன வேலை என்பதையும் நானே சொல்லிக்கொடுத்தேன். எதையும் அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது.

ஆறு மாதம் முடிந்து அவனைக் கூட்டிவரப் போனேன். கன்னம் பூரித்து, கண் தெளிந்து, பழைய பிள்ளையாக நின்றான். அங்கே தினமும் காலையில் எழுந்து நின்று, தான் எதற்கு அடிமையாக இருந்தான் என்பதை எல்லார் முன்னாலும் சொல்லவேண்டுமாம்.

"முதல்ல வெக்கமா இரிந்திச்சி சாச்சி. பொறகு சொல்லச் சொல்ல நெஞ்சு லேசாப் போச்சி," என்றான் வேனுக்குள்.

சந்தோஷத்தில் அவன் தலையைத் தடவினேன். அதே வேனின் பின்சீட்டில் நான் மக்காவுக்கு உம்றா போனபோது கொண்டுபோன பெட்டி இருந்தது, விமான நிலையத்தில் கட்டிய அட்டையைக் கழற்றாமல். உள்ளே ராத்தா கல்முனையில் வாங்கிய வெளிநாட்டுச் சொக்லட்டும் சென்ட் போத்தல்களும். கத்தாரிலிருந்து வெறுங்கையோடு யார் வருவான்?

பின்னேரமே சனம் வந்துவிட்டது. வேறு கம்பனிக்கு மாறப்போகிறான், அதுவரை வீட்டில் நிற்பான் என்று விளக்கம் வைத்திருந்தேன். மெய்யாகவே கத்தாரில் வேலைசெய்த ஒருவர், "எந்தப் பக்கம் கேம்ப்?" என்று கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். நான் பதில் சொன்னேன். முன்வீட்டு மாமி தன் மகனுடைய பாஸ்போட்டின் போட்டோக் கொப்பியோடு வந்தார்.

"ஒங்கட புதுக் கம்பனில இவனுக்கும் ஒரு விசாப் பாருங்க மகன்."

அவன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

பள்ளிவாசலுக்குப் போனால் கத்தார். தேத்தண்ணிக் கடைக்குப் போனால் கத்தார். கொஞ்ச நாளில் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக்கூடத் தெரிந்தவர்கள் இல்லாத பள்ளியாகப் பார்த்துப் போனான். பிறகு அறையை விட்டு வெளியே வருவதே குறைந்தது. களைப்பாக்கும் என்று விட்டுவிட்டோம்.

மூன்றாம் மாதம் அவன் கண்ணைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. படித்தவள் அல்லவா. கத்தித் தீர்த்தேன்.

"பழைய கூட்டாளிமாரோட சேரவேணாம் எண்டு எத்தின தரம் சொன்ன நான்? ஏன் போன நீ?"

அவன் சத்தம் போடவில்லை. "எல்லாரும் கத்தாரப் பத்திக் கேக்காங்க சாச்சி. அவனுகள் மட்டுந்தான் கேக்கல்ல. நான் எங்க இரிந்தண்டு அவனுகளுக்குத் தெரியும். பொய் சொல்லாமக் குந்தியிரிக்க எனக்கு வேற எடம் இல்ல."

அந்தக் கிழமை விடைத்தாள் திருத்த வேண்டியிருந்தது. குணமானவர் மீண்டும் போதைக்குத் திரும்புவது ஏன் என்று கேட்டிருந்தேன். பழைய கூட்டாளிகள் என்று தாளுக்குத் தாள் எழுதியிருந்தார்கள். நான் படிப்பித்த விடைதான். சரி, சரி என்று போட்டுக்கொண்டு போகையில் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

இரண்டாம் முறை அவனைச் சம்மதிக்க வைக்கப் பெரும் பாடுபட்டோம். இந்த முறை அவன் அழவில்லை. வேன் வாசலில் நிற்க, ராத்தா அதே பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தார். முன்வீட்டு மாமி கேற்றடிக்கு ஓடிவந்து என்னிடம் கேட்டார்:

"என்ன புள்ள, மகன் திரும்பக் கத்தாருக்கா?"

அவன் வேன் கதவைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். உண்மையைச் சொல்ல எனக்கு வேண்டிய அளவு நேரம் இருந்தது. சொல்லுவேன் என்று நம்பித்தான் பார்த்தான் என்று இப்போது நினைக்கிறேன். ராத்தாவின் மகளுக்கு அடுத்த மாதம் கலியாணம்.

"ஓம்," என்றேன்.

மாமி அவன் பக்கம் திரும்பினார். "என்ட மகன்ட விசாவ மறந்திராதீங்க வாப்பா."

அவன் என்னைப் பார்ப்பதை விட்டான்.

"மறக்கமாட்டன் மாமி," என்று சிரித்துக்கொண்டே சொன்னான். நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.