எஸ்தரம்மா உயர்த்திய தரைகள்

திருப்பதி ஓட்டல் ஒன்றின் குளிரூட்டிய அரங்கில், வெயிலைத் தாங்கும் வீடுகளைப் பற்றி ஒருவர் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தபோது, எஸ்தரம்மாவின் தெருவில் இருக்கும் ரத்னம்மாவின் போன் வந்தது. "எஸ்தரம்மா பூட்டாங்க, சார். காலைல நெஞ்சு வலிக்குதுன்னு ஒக்காந்தாங்க. அவ்ளோதான்." நான் வெளியே வந்தேன். உள்ளே கைதட்டினார்கள்.

இந்த அஞ்சலியைப் படிக்கும், அவரோடு பழகிய உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கல்லறைத் தோட்டத்தில் பேசிய வீட்டுத் திட்ட அதிகாரி அவரை "எங்கள் திட்டத்தின் பயனாளி" என்றார். பிணத்தின் முன்னால்கூடக் கூசாமல் வந்த அந்தப் பொய்யை அப்படியே விட எனக்கு மனமில்லை.

சித்தூரில் பிறந்து, திருப்பதியில் முப்பது வருடம் சித்தாளாக மண்ணும் கல்லும் சுமந்தவர் எஸ்தரம்மா. எந்த மேஸ்திரியும் அவர் கையில் கரண்டியைக் கொடுத்ததில்லை. பார்த்தே கற்றுக்கொண்டார். ஏரியை ஒட்டிய தன் குடியிருப்பில், சொந்தக் கையால் வீடு வீடாகத் தரையை இரண்டடி உயர்த்தினார். தகரக் கூரைகளுக்குச் சுண்ணாம்பு அடித்தார். அனல் வெளியேறச் சுவரின் உச்சியில் துளைகள் விட்டார். "வெயிலு வருசா வருசம் ஏறிக்கினே போவுது. மழை வந்தா ஒரே நாள்ல கொட்டிடுது. நம்ம தரை மட்டும் ஏற வாணாமா?" என்பார்.

நான் அப்போது ஒரு வீட்டுத் திட்டத்தில் அறிக்கை எழுதுபவன். எங்கள் அலுவலகம் அங்கே ஒரு மாதிரி வீடு கட்டியது. பார்வையாளர்களின் காரிலிருந்தே தெரிய வேண்டும் என்பதற்காக, குடியிருப்பிலேயே பள்ளமான இடத்தில், சாலையோரமாக. மே மாத மதியத்தில் ரிப்பன் வெட்டிய பொறியாளரிடம் எஸ்தரம்மா, "உள்ள ஒக்காந்து ஒரு வாய் சோறு துன்னுட்டுப் போங்க, சார்" என்றார். பொறியாளர் பெருமிதத்தோடு உள்ளே போனார். ஐந்து நிமிடத்தில் சட்டை ஒட்ட வெளியே வந்து, "கரெண்ட் குடுத்தா ஃபேன் சுத்தும்" என்றார்.

"கரெண்ட் குடுத்தா எந்த ஊடும் ஊடுதான், சார்."

கார்த்திகை மழையில் ஏரி நிரம்பிக் குடியிருப்புக்குள் புகுந்தது. மாதிரி வீட்டில் ஜன்னல் வரை தண்ணீர். எஸ்தரம்மா உயர்த்திய வீடுகளில் அது வாசற்படியோடு நின்றது. மூன்று நாள் அந்தத் தெரு முழுவதும் அவற்றுக்குள்தான் நெருக்கியடித்துக் கிடந்தது. தரை உயர்த்தாத ரத்னம்மாவின் வீடு இடிந்து விழுந்தபோது, அவர் எஸ்தரம்மாவின் வீட்டில் இருந்தார். அதனால் பிழைத்தார்.

'மாதிரி வீடு மக்களுக்கு அடைக்கலம் தந்தது' என்று எழுதச் சொன்னார்கள். நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்த நான் அப்படியே எழுதினேன். ஜன்னல் வரை முழுகிய வீட்டுக்காகப் பொறியாளருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தியவர்களையும், அதற்குக் குனிந்து கொடுத்தவரையும் நினைத்தால் இன்றும் அருவருப்பாக இருக்கிறது. எழுதியவனை விட்டுவிட்டு அவர்களை மட்டும் பழிக்க எனக்கு வாய் வரவில்லை.

மறு வாரம் போனபோது, ரத்னம்மா வீட்டு இடிபாட்டில் எஸ்தரம்மா கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். செய்தி அவருக்கு எட்டியிருந்தது. "அந்த ஊட்லயா இருந்தோம்? நீங்களே வந்து பாத்தீங்களே, சார்." நான் ஏதோ மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். நிமிர்ந்து பார்த்தார்.

"அதெல்லாம் வாணாம். கல்லு தூக்கு."

அன்றுதான் முதல்முறையாக என்னைச் சார் போடாமல் பேசினார்.

நான்கு நாள் தூக்கினேன். அவர் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. நான் கோணலாக வைத்த கற்களைப் பிடுங்கி எறிந்தார். ஐந்தாம் நாள் அறிக்கையைத் திருத்தி எழுதிக் கொடுத்தேன். யாரும் அதைப் பிரித்துப் படிக்கவில்லை. திருத்தினேன் என்பதற்காகவே என்னைத்தான் வேலையை விட்டு அனுப்பினார்கள். இன்று வேறோர் அலுவலகத்தில், அதே மாதிரி ஆட்களுக்கு நடுவில், அதே மாதிரி அறிக்கைகளை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அடக்கம் முடிந்து ரத்னம்மா வீட்டில், அன்று நான் தூக்கிய கற்களின் மேல் எஸ்தரம்மா எழுப்பிய தரையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். போன மழையில் வெள்ளம் இந்தத் தரைக்கு மேல் ஏறவில்லை என்றார். எஸ்தரம்மாவிடமிருந்து எனக்கென்று இருப்பது இந்தத் தரை ஒன்றுதான். என் இருபது வருட அறிக்கைகளில் ஒரு பக்கம்கூட ஒருவரையும் நனையாமல் காத்ததில்லை.