கடலுக்கு முதுகு

ஓய்வெடுக்கக் கடற்கரைக்குப் போகிற பழக்கமெல்லாம் எங்கள் வீட்டில் கிடையாது. மாசி மகத்துக்குச் சாமி வண்டிக்குப் பின்னால் டிராக்டரில் போவோம், முழுகுவோம், கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைத் தின்போம், திரும்புவோம். அம்மா புடவையோடு அலையில் உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டாள். அப்பா கரையில் நின்று அதட்டிக்கொண்டே இருப்பார். அவள் காதில் விழாத மாதிரி இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்து உட்காருவாள். இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

அம்மா போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் தங்கை, ஸ்பெயினில் ஏதோ கடலோர ஊருக்கு வார இறுதியில் போய்ப் போட்டோவாக அனுப்பித் தள்ளினாள். வெள்ளை வெள்ளையாய் வீடுகள், நாற்காலி போட்டுக்கொண்டு கடலைப் பார்த்துச் சும்மா உட்கார்ந்திருக்கும் வயசானவர்கள். கீழே ஒரு வரி: “அப்பாவையும் இப்பிடி எங்கயாவது கூட்டிகினு போக்கா.”

யோசனை சொல்வது அவள், அலைவது நான். ஆனாலும் சொன்னது சரிதான். எங்கள் ஊர் கெடாரில் அப்பா தனியாக இருந்தார். சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, யாரோடும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசுவதில்லை. இப்படியே விட்டால் இவரும் போய்விடுவார் என்று எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை அவரைத் திண்டிவனத்தில் என் வீட்டுக்கு வரவழைத்து, அங்கிருந்து மரக்காணம் பஸ்ஸில் ஏற்றினேன். கடலைப் பார்த்த மாதிரி ரூம் எடுத்திருந்தேன். வராந்தாவில் நாற்காலியைக் கடல் பக்கம் போட்டு அவரை உட்கார வைத்துவிட்டு டீ வாங்கப் போனேன். வந்து பார்த்தால், நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வெயில் கண்ணைக் கூசுகிறது போல என்று விட்டுவிட்டேன். வெயில் தாழ்ந்ததும் நாற்காலியை மறுபடி கடல் பக்கம் போட்டேன். அவர் மறுபடி சுவர் பக்கம் போட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அதே கதைதான். எனக்குச் சட்டென்று கோபம் வரும். வந்துவிட்டது.

“ஏம்ப்பா, செவுத்தப் பாக்கறதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்? அது நம்ம ஊட்லயே இருக்குதே.”

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அம்மாவின் அஸ்தியைப் புதுச்சேரியில் கரைத்துவிட்டுக் கரையேறும்போது, கடலைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பங்காளிகள் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பார்த்தால் போகிறவள் நிம்மதியாகப் போக மாட்டாளாம். எங்கள் பக்கம் அந்தக் காரியத்துக்குப் பெண்கள் போவதில்லை. எனக்கு எப்படித் தெரியும்?

“அது புதுச்சேரிலப்பா. இது மரக்காணம்.”

“கடலு ஒண்ணுதானம்மா.”

இந்த மாசி மகத்துக்கு ஊரே கிளம்பியபோது, கால் வலிக்கிறது என்று அவர் மட்டும் வீட்டில் தங்கியது அப்போதுதான் புரிந்தது. அஸ்தி கரைத்த அன்றைக்குக் கூடவே இருந்த பெரியப்பாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன். விஷயத்தைக் கேட்டவர் முதலில் சிரித்தார். பிறகு அவர் குரலும் இறங்கிவிட்டது.

“அட பேஜாரு புடிச்சவனே, அது ஊடு வந்து சேர்ற வரிக்கும்தாண்டா. இன்னுமா திரும்பாம இருக்க?”

அப்பா என்னைப் பார்த்தார். “மெய்யாவா?” என்று என்னிடமும் ஒருமுறை கேட்டுக்கொண்டார். நான் தலையாட்டினேன். எழுந்து, நாற்காலியைத் தானே தூக்கிக் கடல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

“எவ்ளோ சண்ட வந்தாலும் அர நாளுக்கு மேல அவகிட்ட மூஞ்சத் திருப்பிகினு இருந்ததில்லம்மா. இப்ப ஒரு வருசம் இருந்துட்டேன். கோச்சிகினு இருப்பா.”

ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று இன்னொரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டேன். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

“நீ போய் டீ வாங்கிகினு வாம்மா. கொஞ்சம் மெதுவாவே வா.”