காட்டில் மட்டும் சமைத்த அப்பா

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போன மறு வருடம், அண்ணன் செஞ்சிக் காட்டிலிருந்து ஒரு மானோடு வந்தான். அப்பா காலத்தில் வேட்டை என்றால் மாட்டுவண்டி, கூடாரம், நண்பர்களோடு காட்டில் ஒரு வாரம்.

"கூடாரம் எங்க போட்டீங்க?" என்று கேட்டார் அப்பா.

"கூடாரமா? ஜீப்புல போயி சுட்டுட்டு உடனே வந்துட்டோம்பா."

"அப்ப யாரு சமைச்சா? எங்க கூட்டத்துல நான்தான் எல்லாருக்கும் ஆக்கிப் போடுவேன்."

படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மா திரும்பிப் பார்த்தாள். வீட்டில் ஒரு தம்ளர் தண்ணீர்கூட அப்பா தானாக எடுத்துக் குடித்ததில்லை.

"எனக்கும் ஒரு நாள் ஆக்கிக் குடுங்களேன்" என்றாள்.

அப்பா குசினிக்குள் போகவில்லை. கொல்லையில் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினார். மிளகு இடித்துப் போட்டு, கறியைக் குழைய வேகவைத்து, தன் கையாலேயே ஊட்டினார். அம்மாவால் ஒரு வாய்தான் விழுங்க முடிந்தது.

"வருஷா வருஷம் கறிய வீட்டுக்குக் கொண்டாந்தீங்க. இந்த மனுஷன மட்டும் காட்டுலயே வுட்டுட்டு வந்துட்டீங்க."

அப்பா சட்டியிலிருந்த மிச்சக் கறியைக் கொல்லையில் கொட்டி மேலே மண்ணைத் தள்ளினார்.

அந்த வாரமே அம்மா போய்விட்டாள். அப்பா அதன் பிறகு சமைக்கவே இல்லை.

அம்மாவுக்காவது ஒரு வாய் கிடைத்தது. பக்கத்திலேயே நின்றிருந்த நான், எனக்கும் கொஞ்சம் கொடுங்கள் என்று ஏன் கேட்கவில்லை என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.