கறுப்புப் பை தைத்தவர்

கோவில்பட்டியிலிருந்து நான் பஸ்ஸில் போய் வேலை பார்த்த புதியம்புத்தூர் தையல் யூனிட்டில், பக்கத்து மிஷின் அவருடையது. ஒல்லி உடம்பு, நரைத்த மீசை. பாப்பா கவுன் தைத்து முடித்ததும் அதன் கழுத்தைத் தன் கழுத்தில் தேய்த்துப் பார்ப்பார்.

"என்ன அண்ணாச்சி, போட்டுப் பாக்கப் போறியளோ?" என்று ஒருநாள் கேலி செய்தேன். அப்போதுதான் சொன்னார்.

அவர் தையல் வேலைக்குப் போயிருந்த நாட்டில் புரட்சி வந்து அரசாங்கம் கவிழ்ந்ததாம். துப்பாக்கிக்காரர்கள் கடைக்குள் புகுந்து, சுடப்போகிறவர்கள் தலையில் மாட்ட இருபது கறுப்புப் பை கேட்டார்கள். முடியாது என்ற கட்டிங் மாஸ்டரை அங்கேயே சுட்டார்கள். அவர் ரத்தம் தெறித்த கறுப்புத் துணியிலேயே இவர் தைத்துக் கொடுத்தார். மறுநாள் சந்தைத் திடலில் ஊரையே கூட்டிவைத்து, பை மாட்டிய இருபது பேரையும் சுட்டார்கள். இவரையும் பார்க்க வைத்தார்கள்.

"கழுத்து ஓரத்த உள்ள மடிச்சித்தான் தச்சேன் தம்பி."

"சாகப்போறவனுக்கு மடிப்பு எதுக்கு அண்ணாச்சி?"

"பிசிறு குத்தும்லா?"

அது இரக்கமா, கைப்பழக்கமா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். நானும் தைத்திருப்பேன், மடித்திருக்க மாட்டேன்.