வண்டிக்கு ஊற்றிய தண்ணீர்

நாலைந்து வருடங்களுக்கு முன், ஒரு பங்குனி மாத மதியம். அப்போது நாங்கள் திருவனந்தபுரத்தை அடுத்த பொன்முடி மலையில், தேயிலைத் தோட்டத்துக் குடியிருப்பில் இருந்தோம். சாப்பிட உட்கார்ந்த அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் மலையேறி வரும்வரை காத்திருக்க மனமில்லை. கடைச் சாமான் இறக்கிவிட்டு நின்ற பழைய ஜீப்பில் அவரை ஏற்றினோம். ஓட்டுநர் எங்களுக்குப் பழக்கமானவர்தான்.

நாலு வளைவு இறங்குவதற்குள் முன்பக்கம் புகைந்தது. ரேடியேட்டரில் ஒழுக்கு. சூடு ஆறாமல் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும் என்று ஓட்டுநர் காத்திருந்தார். நானோ பொறுக்காமல், எஞ்சின் இல்லாமலே இறக்கத்தில் வண்டியை அப்படியே உருட்டிவிடச் சொன்னேன். அந்த வளைவுகளில் வெறும் பிரேக்கை நம்ப முடியாது என்றார்.

ரேடியேட்டரின் அடித்தொட்டி மடிப்பில் நீர் கசிவதைக் கண்டுபிடித்தார். ஆஸ்பத்திரிக்கென்று அம்மா எடுத்துவந்த பையில் சோப்பு இருந்தது. அதைப் பிசைந்து அந்த இடத்தில் அப்பினார். இனி உள்ளே ஊற்றத் தண்ணீர் வேண்டும். மழைக்காலத்தில் வேண்டாம் வேண்டாம் என்றாலும் ரோட்டில் வந்து விழும் ஓடைகள் அன்றைக்கு வறண்டு கிடந்தன. வேறு வண்டியும் வரவில்லை. அம்மாவின் கையில் ஒரே ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. அதைப் பார்த்து அப்பா இரண்டு தடவை தண்ணீர் கேட்டுவிட்டார்.

ஓட்டுநர் தயங்கித்தான் சொன்னார்; தண்ணீரை அவர் மலையாள வழக்கில் வெள்ளம் என்பார். "அக்கா, அந்த வெள்ளம் முழுசும் கிட்டினா வண்டி மலைக்குக் கீழ கல்லாறு வரைக்கும் போவும். கொறைஞ்சா போவாது."

அம்மா பாட்டிலை விடவில்லை. அப்பாதான் கையசைத்தார். "வண்டிக்கே ஊத்தச் சொல்லு. நான் கீழ போயி குடிச்சுக்கிடுதேன்."

ஊற்றினோம். பாட்டில் மூடியில் மிஞ்சிய சொட்டை அம்மா அவர் உதட்டில் தடவினாள்.

கல்லாறு வந்து சேர்ந்தோம். ஓட்டுநர் ஆற்றுக்கு ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அப்பாவின் வாயில் ஊற்றியது கடைவாய் வழியே வழிந்துவிட்டது. எனக்குப் புரிந்துவிட்டது. அம்மா மட்டும் ஆஸ்பத்திரி போகும்வரை அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

காரியம் முடிந்து சில நாட்களில் ஓட்டுநர் வந்தார். டவுன் பட்டறையில் ரேடியேட்டரைக் கழற்றி, காற்றடைத்துத் தொட்டித் தண்ணீரில் முக்கினார்களாம். ஊசிமுனை அளவு துளையிலிருந்து குமிழி வந்ததாம். தினமும் காலையில் வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பாராம், ஒரு பொட்டு ஈரம் இருக்காதாம். எஞ்சின் சூடேறினால்தான் அந்தத் துளை கசியும் என்று அதுவரை அவருக்குத் தெரியவில்லை. சொல்லிவிட்டு அழுதார். அம்மா அவரை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டாள். எனக்கு அந்த மனசு வரவில்லை, அடுக்களைக்குள் போய்விட்டேன்.

அவர் போனபிறகு அம்மா சொன்னாள். "இனி பொழைக்கப்போறதில்லன்னு ஒங்க அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கு. செத்தவர வச்சுக்கிட்டு நாம மலையில நிக்கக் கூடாதுன்னுதான் தண்ணி வேண்டாம்னாக."

கீழே போய்க் குடிக்கலாம் என்று உண்மையிலேயே நம்பித்தான் அப்பா அதைச் சொன்னாரா, இல்லை எங்களைக் கரைசேர்க்கத்தான் சொன்னாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.